ரத்தத்துலயே வந்துருச்சு!

பெரியப்பாவின் ரிப்போர்ட் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. வழவழப்பான தாள். மேலே பெயர், வயது, அனுப்பிய டாக்டர். நடுவில் ஒரே ஒரு வரி: ‘டிபி ஐஜிஎம் 1.34. கட்-ஆஃப் 0.90.’ அதற்கு நேரே தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’.

வருஷம் 2007. பள்ளிபாளையத்தில் முப்பது வருஷமாக விசைத்தறி ஓட்டியவர் அவர். பஞ்சுத் தூசி தலைமுடியில், புருவத்தில், காது மடலில் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்க வீட்டுக்கு வருவார். அந்த ஆண்டு மழைக்காலத்தில் தொடங்கிய இருமல் மூன்று மாதமாக நிற்கவில்லை. உடம்பும் கொஞ்சம் இளைத்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் எழுதிக் கொடுத்தார். காலையில் ரத்தம், சாயங்காலம் ரிப்போர்ட். மறுநாளே ஆறு மாத மாத்திரைக்குச் சீட்டு வந்துவிட்டது. சளியை யாரும் கேட்கவில்லை.

முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, ரத்தம் போகிறதென்று பெரியம்மா அலறிவிட்டார். ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தட்டு, டம்ளர் தனியாகின. பேரக் குழந்தைகளைத் திண்ணையோடு நிறுத்தினார்கள். மூன்றாவது மாதம் மஞ்சள் காமாலை வந்தது. இருமல் மட்டும் போகவில்லை. கடைசியில் வேறு ஊரில் ஒரு வயதான நுரையீரல் மருத்துவர், பழைய எக்ஸ்ரேவையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். இது டிபி மாதிரியே தெரியவில்லை, பஞ்சுத் தூசியால் வந்த மூச்சுக்குழல் நோய் என்றார். இன்ஹேலர் கொடுத்தார். இரண்டு வாரத்தில் இருமல் பாதியானது.

“அப்போ டிபியே இல்லீங்களா பெரியப்பா?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ரத்தத்துலயே வந்துருச்சு கண்ணு. அப்புறம் என்ன?”

அவருக்கு டிபி இருந்ததா, இல்லையா என்று இனி யாராலும் சத்தியம் செய்ய முடியாது. மருந்து தொடங்குவதற்கு முன் சளியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த வாய்ப்பைத்தான் அந்த ஒற்றை வரி ரிப்போர்ட் எடுத்துக்கொண்டது. அவரைப்போல எத்தனை பேர்? அந்தக் காலகட்டத்தில் இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பேருக்கு இந்த ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

1.34 என்றால் என்ன?

கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதற்கு எதிராக ஒரு புரதத்தைச் செய்கிறது. ஆன்டிபாடி, தமிழில் எதிர்ப்பொருள். புதிதாக வந்த கிருமிக்கு முதலில் ஐஜிஎம், பின்னால் ஐஜிஜி. இதைப் பிடிக்க எலைசா என்று ஒரு முறை இருக்கிறது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். குழியின் அடியில் கிருமியின் புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றினால், அதில் எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்க்கும் ரசாயனம் நிறம் மாறும். எவ்வளவு அடர்த்தியான நிறம் என்பதை ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். கட்-ஆஃபுக்கு மேலே போனால் பாசிட்டிவ்.

இந்த முறையில் பிழை ஒன்றும் இல்லை. எச்ஐவியை இதே எலைசாதான் அபாரமாகக் கண்டுபிடிக்கிறது. எச்ஐவிக்கு நம்பலாம் என்றால் டிபிக்கு ஏன் நம்பக்கூடாது என்று டாக்டர்களே நினைத்தார்கள். கோளாறு டிபி கிருமியின் குணத்தில் இருக்கிறது.

பெரும்பாலான கிருமிகள் பிடிபடாமல் ஓடப் பார்க்கும். டிபி கிருமி, தன்னை விழுங்க வரும் வெள்ளை அணுவுக்குள்ளேயே போய்க் குடித்தனம் நடத்தும். அங்கே அதை அடக்கி வைப்பது டி செல்கள் என்னும் வேறு படை. எதிர்ப்பொருளுக்கு அந்தச் சண்டையில் பெரிய வேலை இல்லை. அதனால் நோய் முற்றியவரின் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் குறைவாக இருக்கலாம். இருப்பதும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் உடம்பு கிருமியின் ஒரு புரதத்தை எதிர்த்தால், இன்னொருவர் உடம்பு வேறொன்றை எதிர்க்கும். எச்ஐவியும் சேர்ந்துவிட்டால் எதிர்ப்பொருள் இன்னும் சரியும். யாருக்கு நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டுமோ அவரிடமே சோதனை தோற்கும்.

மறுபக்கமும் மோசம். பிறந்ததும் பிசிஜி என்னும் டிபி தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் நாம். உள்ளே வந்த கிருமி, நோயாக மாறாமல் ஆயுசு முழுக்கத் தூங்குகிற உடம்புக்காரர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். எப்போதோ டிபி வந்து குணமானவர்களின் ரத்தத்திலும் பழைய எதிர்ப்பொருள் தங்கியிருக்கும். போதாததற்கு மண்ணிலும் தண்ணீரிலும் டிபி கிருமியின் பங்காளிகள் வாழ்கின்றன. நோய் தராத, ஆனால் அதே ஜாடை கொண்ட கிருமிகள். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று உலகைத் திகைக்க வைத்தபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இந்தப் பங்காளிக் கிருமிகள். நம் ரத்தத்தில் இவற்றின் சுவடெல்லாம் கலந்துகிடக்கும்போது, ஒரு நிறமாற்றம் எதைப் பார்த்து நிகழ்ந்தது என்று யார் சொல்வது?

ரத்தத்தில் டிபியைத் தேடும் இந்த ஆசை புதிதும் அல்ல. ராபர்ட் கோக் பெர்லினில் டிபி கிருமியை அறிவித்தது 1882 மார்ச் 24. அடுத்த பதினாறு ஆண்டுகளிலேயே, 1898-ல், பிரான்ஸின் லியோன் நகரில் ஆர்லோயிங் என்பவர் ரத்த சீரத்தை வைத்து டிபியைக் கண்டுபிடிக்கும் முதல் சோதனையை வெளியிட்டார். அதிலிருந்து நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வகங்கள் ஒவ்வொரு புரதமாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டன. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையமும் 38 கிலோடால்டன், 30 கிலோடால்டன், 16 கிலோடால்டன் எடையுள்ள புரதங்களைப் பிரித்தெடுத்து இதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தது. ஆராய்ச்சியாக அது நேர்மையான தேடல். சளி வராத குழந்தைக்கு, நுரையீரலுக்கு வெளியே டிபி வந்தவருக்கு ஒரு எளிய ரத்தப் பரிசோதனை கிடைத்தால் வரம் அல்லவா? தேடல் முடிவதற்கு முன்பே பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியதுதான் வினை.

90 சதவீதம் எங்கிருந்து வந்தது?

பெட்டியோடு வந்த துண்டுப் பிரசுரங்களில் துல்லியம் என்று பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல்தான் எண்கள் இருந்தன. அவை எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். எப்படிக் கிடைத்தன என்பதுதான் விஷயம்.

கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை ஒருவர் விற்க வருகிறார். நல்ல ஐந்நூறு ரூபாய் நோட்டை வைக்கிறார், பச்சை விளக்கு. வெள்ளைத் தாளை வைக்கிறார், சிவப்பு விளக்கு. நூறு முறையும் சரி. கடைக்காரர் அதை வாங்குவாரா? “தாளை விடுங்க, கள்ள நோட்டை வைங்க” என்பார் அல்லவா?

டிபி ரத்தப் பரிசோதனைகளை மதிப்பிட்ட ஏராளமான ஆய்வுகள் வெள்ளைத் தாளைத்தான் வைத்தன. ஒருபக்கம், சளியில் கிருமி கொட்டிக்கிடந்த, நோய் முற்றிய நோயாளிகள். மறுபக்கம், ரத்த தானம் செய்ய வந்தவர்கள், மருத்துவ மாணவர்கள் போன்ற நல்ல ஆரோக்கியசாலிகள். இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்கச் சோதனையே தேவையில்லை, வாசலில் நிற்கும் காவலாளி பிரித்துவிடுவார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இந்த இரண்டிலும் சேராதவர்கள். இருமலோடு வருகிறார்கள், ஆஸ்துமா, நிமோனியா, பீடிப் புகை, பழைய டிபியின் வடு, பஞ்சுத் தூசி. இவர்களுக்கு நடுவிலிருந்து டிபியைப் பிரித்துக் காட்டுவதுதான் சோதனையின் வேலை. அதைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. சந்தேகத்தோடு வருகிற எல்லோரையும் வரிசையாக எடுத்து, எல்லோருடைய சளியையும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குப் போட்டு, அந்த முடிவு தெரியாத ஒருவர் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வெப்பமண்டல நோய் ஆய்வுப் பிரிவு 2008-ல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. பல நாடுகளில் டிபி சந்தேகத்தோடு வந்தவர்களிடம் சேகரித்துப் பாதுகாத்த 355 சீர மாதிரிகளை எடுத்துக்கொண்டது. சந்தையில் இருந்த 19 துரிதப் பரிசோதனைக் கருவிகளை அவற்றின்மேல் ஓட்டியது. நோயாளிகளில் எத்தனை பேரைக் கருவி பிடித்தது? மிகச் சிறந்தது நூற்றுக்கு 60. மிக மோசமானது நூற்றுக்கு 1. நோயில்லாதவரை இல்லையென்று சொன்னதில் 53-லிருந்து 99 சதவீதம் வரை. 53 சதவீதம் என்றால் காசைச் சுண்டிப் பார்ப்பதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பிறகு 2011-ல் கேரன் ஸ்டெய்ங்கார்ட் தலைமையிலான குழு, அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசியது. நுரையீரல் டிபி பற்றி மட்டும் 67 ஆய்வுகள். நோயைப் பிடிக்கும் திறன் 0 முதல் 100 சதவீதம் வரை! ஒரே சரக்குக்கு ஒரு கடையில் பூஜ்யம், ஒரு கடையில் நூறு என்று விலை சொன்னால் அந்தத் தராசை என்ன செய்வோம்? அதிகம் ஆராயப்பட்ட ஒரு கருவி, சளி நெகட்டிவ் என வந்த டிபி நோயாளிகளில் 59 சதவீதம் பேரையே பிடித்தது. சளியில் தெரியாதவருக்குத்தானே ரத்தம் பார்க்கிறோம்? தேவைப்படுகிற இடத்தில்தான் அது அதிகம் தடுமாறியது.

பெரியப்பா கதைக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். இருமலோடு வரும் ஆயிரம் பேரில் நூறு பேருக்கு டிபி என்று வைத்துக்கொள்வோம். நோயைப் பிடிப்பதில் 60 சதவீதம், நோயில்லை என்று சொல்வதில் 90 சதவீதம் என்று சோதனைக்குக் கொஞ்சம் தாராளமாகவே மார்க் போடுவோம். நூறு நோயாளிகளில் 60 பேர் பாசிட்டிவ். 40 பேர் நல்ல ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டிருப்பார்கள். மீதி 900 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 பேர், நோயில்லாமலே பாசிட்டிவ். ஆக, பாசிட்டிவ் தாளோடு டாக்டர் முன் உட்காரும் 150 பேரில் 90 பேருக்கு டிபி கிடையாது. ‘90 சதவீதம் துல்லியம்’ என்று கேட்கும்போது இப்படி ஒரு விடை வரும் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் முதல் தடவை தாளில் போட்டுப் பார்க்கும்வரை நம்பிக்கை வரவில்லை.

யாருக்கு லாபம்?

உலக சுகாதார நிறுவனம் 94 ஆய்வுகளை எடைபோட்டு, 2011 ஜூலையில் இந்தப் பரிசோதனைகளைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று அறிவித்தது. டிபி விஷயத்தில் ‘செய்யாதே’ என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது அதுதான் முதல் முறை. அதே அறிவிப்பில் இன்னொரு தகவலும் இருந்தது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை. ஆனால் அங்கே எந்த முறையான ஒழுங்காற்று அமைப்பும் இவற்றுக்கு அனுமதி தரவில்லை. விற்பனையெல்லாம் நம் போன்ற நாடுகளில். ஒரு சோதனைக்கு நோயாளி 30 டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கே எப்படி இவ்வளவு சுலபமாக நுழைந்தன? அன்றைய இந்திய விதிகளில் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, ரத்த வகை ஆகிய சில சோதனைக் கருவிகளுக்கு மட்டுமே மருந்துக்கு இணையான கண்டிப்பு இருந்தது. டிபி கருவி அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்தது கமிஷன். ரத்தம் எழுதிய டாக்டருக்கு லேபிலிருந்து பங்கு போகும் வழக்கம் இந்தச் சந்தையைத் தூக்கிப் பிடித்த காரணங்களில் ஒன்று என்று ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சளி ஸ்லைடில் பங்கு போட என்ன இருக்கிறது?

எல்லாப் பழியையும் காசின்மேல் போடுவதும் நியாயமில்லை. சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை, கல்ச்சரில் தெரியும் நோயாளிகளில் பாதிப் பேரைத்தான் பிடிக்கும். ஒரு மில்லி சளியில் ஐயாயிரத்துக்கும் மேல் கிருமி இருந்தால்தான் கண்ணில் படும். கல்ச்சர் துல்லியம், ஆனால் முட்டைக் கலவையில் செய்த பச்சை நிறக் கூழில் காலிஃபிளவர் மாதிரி கிருமி முளைக்க எட்டு வாரம் வரை ஆகும். எதிரே இருமிக்கொண்டிருப்பவரை எட்டு வாரம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற டாக்டரின் அவதி உண்மையானது. நமக்குச் சளி என்றாலே ஒரு முகச் சுளிப்பு வேறு. ரத்தம் கௌரவம். குணம், குலம், உறவு எல்லாவற்றையும் ரத்தத்தில் தேடிப் பழகியவர்களுக்கு நோயும் அங்கேதான் தெரியும் என்று தோன்றுகிறது. ஊசி குத்தி, சிரிஞ்சில் எடுத்து, கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தால் காசுக்கு ஏற்ற வேலை நடந்ததாகத் திருப்தி. டப்பாவில் துப்பிக் கொடுப்பதற்கு யார் ஆயிரம் ரூபாய் தருவார்?

ஆனால் டப்பாவை எடுத்துக்கொண்டு அரசு ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். சளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்ப அவர்கள் பயன்படுத்துவது விளக்குமாற்றுக் குச்சி. நிஜமாகவே தென்னை விளக்குமாற்றின் குச்சி. அதை ஒடித்தால் கிடைக்கும் பிசிறு முனை, கெட்டிச் சளியில் மஞ்சளாக இருக்கும் பகுதியைக் கோரி எடுக்கத் தோதானது. பரப்பி, உலர்த்தி, சூடுகாட்டி, சிவப்புச் சாயத்தை ஊற்றி ஆவி வரும்வரை கீழே தீ காட்டுவார்கள். பிறகு 25 சதவீத கந்தக அமிலத்தில் கழுவுவார்கள். மற்ற கிருமிகளின் சாயமெல்லாம் ஓடிவிடும்; டிபி கிருமியின் மெழுகுச் சுவர் மட்டும் விடாது. கடைசியில் நீலச் சாயம். எண்ணெய்ச் சொட்டு வைத்த லென்ஸுக்குக் கீழே நீல வெளியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் கிட்டத்தட்ட முடிந்தது வழக்கு. அது நோயின் நிழல் அல்ல. கிருமியே வந்து நிற்கிறது.

இந்த விளக்குமாற்றுக் குச்சியையும் இறக்குமதிப் பெட்டியையும் கணக்கில் மோதவிட்டவர்களும் உண்டு. வேலூரில் சமூக மருத்துவம் படித்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மதுகர் பாய் உள்ளிட்ட மூவர் குழு அது. 15 லட்சம் இந்தியர்களுக்குச் சளிக்குப் பதில் ரத்தம் பார்த்தால் என்ன ஆகும் என்று 2011-ல் மதிப்பிட்டது. கூடுதலாக 14,000 நோயாளிகள் கிடைப்பார்கள். கூடவே 1,21,000 பேர் நோயில்லாமலே நோயாளி ஆவார்கள். ரத்தத்தில் தவறவிடப்பட்ட, கிருமி அதிகம் பரப்புகிறவர்கள் மூலம் 32,000 பேருக்குப் புதிதாக நோய் தொற்றும். செலவு நான்கு மடங்கு.

தடைக்குப் பிறகு

2012 மே மாதம் டிபியைக் கண்டறியும் ஒவ்வொரு டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. அடுத்த மாதமே, ஜூனில், டிபிக்கான எதிர்ப்பொருள் பரிசோதனைக் கருவிகளை இறக்குமதி செய்ய, தயாரிக்க, விற்க, பயன்படுத்த மத்திய அரசு தடை போட்டது. அடுத்த ஆண்டு தனியார் லேப்கள் சில ஒன்றுசேர்ந்து, தரமான மூலக்கூறு பரிசோதனைகளைக் கணிசமாகக் குறைந்த விலையில் தர ஒப்புக்கொண்டன. எதிர்ப்பொருள் பரிசோதனையைத் தொடமாட்டோம் என்பது அதற்கு நிபந்தனை.

இன்று அரசு மையங்களில் சிபிநாட், ட்ரூநாட் இருக்கின்றன. அவை தேடுவதும் சளியைத்தான். சளியில் கிருமியின் மரபணுவை. சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை, ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதும் சேர்த்து. காசு இல்லை.

ஆனால் ரத்தத்தின்மேல் உள்ள மோகம் போகவில்லை. லேப் கவுன்டர்களில் இப்போது கேட்கும் பெயர் ‘டிபி கோல்டு’. இது எதிர்ப்பொருள் சோதனை இல்லை. ரத்தத்தை டிபி புரதங்களோடு சேர்த்து வைத்து, டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவை அளப்பது. விஞ்ஞானம் உருப்படியானது. கிருமி உள்ளே நுழைந்திருக்கிறதா என்று ஓரளவு நன்றாகவே சொல்லும். அது தூங்குகிறதா, நோயாகிவிட்டதா என்று சொல்லாது. சேத்துப்பட்டு நிறுவனம் முன்னின்று நடத்திய 2019-21 தேசிய ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31.4 சதவீதம் பேரிடம் டிபி தொற்று தெரிந்தது. நோய் இருந்ததோ லட்சத்துக்கு 316 பேரிடம். அதாவது தெருவில் போகிறவர்களைப் பிடித்து இந்தச் சோதனை செய்தால் மூன்று பேரில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வரும். அப்படிப் பாசிட்டிவ் வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருந்தால் அதிகம். நடப்பு நோயைக் கண்டுபிடிக்க நம் போன்ற நாடுகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதே 2011-லேயே சொல்லிவிட்டது. முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் இருப்பதால் செய்துகொண்டேன், பாசிட்டிவ், இப்போது என்ன செய்வது என்று சென்ற மாதம்கூட ஒரு நண்பர் பதறிப்போய் போன் செய்தார். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை கூடிக்கொண்டிருக்கிறது.

சளி கொடுப்பதும் ஒரு கலை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும், வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். நுரைநுரையாக, தெளிவாக இருந்தால் அது எச்சில், ஆகாது. கெட்டியாக, மஞ்சளாக இருந்தால் சரி. இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் ஒரு லேப் டெக்னீஷியன் எந்தக் கருவிக்கும் குறைந்தவர் இல்லை.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. தறியை விட்டுப் பல வருஷமாகிறது. போன தீபாவளிக்கு முன் கண்புரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன். அட்மிஷன் மேசையில் ஒரு பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். “சுகர் இருக்குங்களா ஐயா? பிரஷர்? டிபி வந்திருக்குங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்: “ஆமாங்க. 2007-ல. ரத்தத்துலயே வந்துருச்சு.”

அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.